சிற்றப்பாவின் ஷெர்ப்பா

தேவ்நாரில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பது ஒரு செய்தியன்று. எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மட்டும் பதினேழு வண்டிகள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றை மட்டும் சுட்டிக் காட்டி, "இது என்ன வண்டி? லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்? எதற்காக இதை வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்?" என்று வருவோரும் போவோரும் மூன்று கேள்விகள் கேட்கிறார்கள். முதற் கேள்விக்கு ஒரு வரியில் விடை சொல்லிவிடலாம். இரண்டாவது கேள்வியின் விடையைக் கேட்டால் நேயர்கள் சிரிப்பீர்கள், ஆகவே விட்டுவிடுகிறேன். மூன்றாவது கேள்விக்குத்தான் இக்கட்டுரை. சென்ற ஆண்டிலிருந்து அந்தக் கேள்விக்கு எனக்கு நானே விடை சொல்லிக்கொள்ள வேண்டிய நிலை ஏற்பட்டிருக்கிறது.

வண்டியின் பெயர் என்ஃபீல்டு ஷெர்ப்பா. 173 சி.சி. சென்னையில் திருவொற்றியூரில் செய்யப்பட்டது, முதற்பதிவு 1968. என்ஃபீல்டு என்றதும் நம்மவர் காதில் புல்லட்டின் 'தம் தம்' என்ற முழக்கம் விழும். இதற்கு அந்தக் குரல் இல்லை. இது டூ-ஸ்ட்ரோக் இனம். மரத்தை வண்டு குடைவது போல் ரீங்காரம் செய்யும். வேகம் ஏற ஏற அந்த ரீங்காரமே வீறிடலாக மாறும். பெரம்பூர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்த என் சிற்றப்பா, இதை 1977-இல் மூன்றாவது கையாக வாங்கினார். இரண்டு மழைக்காலங்கள் அரமும் கையுமாக இதன் முன் உட்கார்ந்திருந்தார். பிறகு சோழவரம் பந்தயத்தில் ஓட்டினார். முதல் மூவரில் ஒருவராக அவர் ஒருநாளும் வந்ததில்லை. அதைப் பற்றி அவருக்கு வருத்தமும் இல்லை.

இந்த வண்டியின் பூர்வீகத்தைச் சொல்லாமல் இதன் அருமையை விளக்க முடியாது. அதற்கு நாம் சற்று நேரம் இங்கிலாந்துக்குப் போய்வர வேண்டும்.

ஐல் ஆஃப் மேன் என்னும் சிறு தீவில் 1907 முதல் மோட்டார் சைக்கிள் பந்தயம் நடந்து வருகிறது. மலையும் ஊர்த்தெருவுமாக வளைந்து செல்லும் அங்குள்ள பாதையில் ஒரு சுற்று 60 கிலோமீட்டருக்கு மேல். அதில் 500 சி.சி. வண்டிகளைச் 'சீனியர்' என்றும், 350 சி.சி. வண்டிகளை 'ஜூனியர்' என்றும், 250 சி.சி. வண்டிகளை 'லைட்வெயிட்' என்றும் பிரித்தார்கள். சீனியர், ஜூனியர் வகுப்புகளில் நார்ட்டன், ஏ.ஜே.எஸ். முதலிய பெரிய கம்பெனிகளின் பந்தய வண்டிகள் கோலோச்சின. லைட்வெயிட் வகுப்பின் கதை வேறு. போருக்குப் பின் பிரிட்டனில் அந்த அளவில் பந்தய வண்டி செய்யப் பெருங்கம்பெனிகள் அவ்வளவாக அக்கறை காட்டவில்லை. அந்த இடத்தைச் சிறு பட்டறைகள் நிரப்பின. சிறு பட்டறைக்குச் சொந்தமாக எஞ்சின் வார்க்க முதல் ஏது? விலைக்கு வாங்கினார்கள். வாங்கிய இடம் பெரும்பாலும் ஒன்றே: உல்வர்ஹாம்ப்டன் நகரிலிருந்த வில்லியர்ஸ் கம்பெனி.

வில்லியர்ஸ், சைக்கிள் பாகங்கள் செய்வதற்காக 1898-இல் தோன்றிய கம்பெனி. பிற்காலத்தில் அது செய்த சிறு டூ-ஸ்ட்ரோக் எஞ்சின்கள் புல்வெட்டும் இயந்திரத்திலும், தண்ணீர் இறைக்கும் பம்பிலும், தொழிலாளி வேலைக்குப் போகும் மோட்டார் சைக்கிளிலும் ஓடின. 1956-இல் அதன் இருபது இலட்சமாவது எஞ்சினை லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். அத்தனை எளிய, அத்தனை மலிந்த சரக்கு அது. பந்தயத்துக்கென்று பிறந்ததல்ல.

அந்த எளிய சரக்கைக் கொண்டு பந்தய வண்டி செய்தவர்களில் எனக்கு மிகவும் பிடித்தவர் பெர்ட் கிரீவ்ஸ். அவருடைய உறவினர் டெரி பிரெஸ்டன்-காப் பிறவியிலிருந்தே கால் செயலற்றவர். அவருடைய சக்கர நாற்காலியில் கிரீவ்ஸ் ஒரு புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினைப் பொருத்தினார். நாற்காலி ஓடியது. இருவரும் கூட்டுச் சேர்ந்து, எஸ்ஸெக்ஸ் மாவட்டத்தில், நடக்க இயலாதவர்களுக்கான மூன்று சக்கர வண்டிகளைச் செய்யும் தொழிலைத் தொடங்கினார்கள். அதே கூரையின் கீழ் ஐம்பதுகளில் மோட்டார் சைக்கிளும் செய்யலானார்கள். 1963-இல் சில்வர்ஸ்டோன் என்ற 250 சி.சி. பந்தய வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அதன் சட்டத்தின் முன்பகுதி குழாயாக இராது. அலுமினியக் கலவையில் வார்த்த ஒரே தூணாக இருக்கும். பார்த்தால் ரயில்வேக்காரனாகிய எனக்குப் பாலத்தின் தாங்கு கட்டை நினைவுக்கு வரும். முதல் சில்வர்ஸ்டோனின் எஞ்சினில் கீழ்ப்பாதி வில்லியர்ஸ்; சிலிண்டரும் அதன் மேல்மூடியும் கிரீவ்ஸ் தாமே செய்துகொண்டவை. 1964-இல், தொழில்முறை ஓட்டிகளல்லாதார் ஓடும் மேங்ஸ் கிராண்ட் ப்ரீ பந்தயத்தின் லைட்வெயிட் வகுப்பில் ரொடீஷியாவிலிருந்து வந்த கார்டன் கீத் என்பவர் கிரீவ்ஸ் வண்டியில் வென்றார். மறு ஆண்டும் அதே வகுப்பில் கிரீவ்ஸே வென்றது. ஓட்டியவர் டென்னிஸ் கிரேன்.

நடக்க முடியாதவரை நடமாட வைத்த கை, வேகமாக ஓட வேண்டும் என்று துடித்த இளைஞனுக்கும் வண்டி செய்து கொடுத்தது. சிற்றப்பாவிடம் இக்கதையைச் சொன்னபோது அவர் வெகுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "அந்த நாற்காலிக்குப் பிரேக் எப்படி வைச்சான்?" என்று கேட்டார். ஃபிட்டருக்குரிய கேள்வி. எனக்கு விடை தெரியவில்லை.

இந்த இனத்தின் கடைசிப் பெருநாள் 1966-ஆம் ஆண்டில் வந்தது. அதற்குள் ஜப்பானியர் வந்துவிட்டார்கள். அவ்வாண்டு ஐல் ஆஃப் மேன் லைட்வெயிட் பந்தயத்தில் முதலிரண்டு இடங்களையும் ஆறு சிலிண்டர் கொண்ட ஹோண்டாக்கள் பெற்றன. ஓட்டியவர்கள் மைக் ஹெயில்வுட்டும் ஸ்டூவர்ட் கிரஹாமும். மூன்றாவதாக வந்தவர் பீட்டர் இஞ்ச்லி. அவருடைய வண்டியில் இருந்தது வில்லியர்ஸின் ஸ்டார்மேக்கர் எஞ்சின். ஒற்றைச் சிலிண்டர்! ஆறு நாகசுரம் முழங்கும் ஊர்வலத்தில் ஒற்றைப் புல்லாங்குழலோடு ஒருவன் மூன்றாமவனாக நடந்து வந்ததைப் போன்றது அது. அறுபதுகளின் இறுதியில் வில்லியர்ஸ் பிற கம்பெனிகளுக்கு மோட்டார் சைக்கிள் எஞ்சின் விற்பதை நிறுத்தியது. அதை நம்பியிருந்த சிறு பட்டறைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன.

இப்போது திருவொற்றியூருக்கு வருவோம். இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. இராணுவத்துக்கும் போலீசுக்கும் புல்லட் போயிற்று. சாமானியனுக்கும் ஒரு வண்டி வேண்டாமா? அதற்கென அறுபதுகளில் வந்ததே ஷெர்ப்பா. அதன் வயிற்றில் வைத்தது வில்லியர்ஸின் 173 சி.சி. எஞ்சின். ஆக, எஸ்ஸெக்ஸ் கிரீவ்ஸும் எங்கள் ஷெர்ப்பாவும் ஒரே பாட்டியின் பேரப்பிள்ளைகள். ஒன்று பந்தயத் தடத்துக்குப் போயிற்று. மற்றொன்று பால்காரருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் வாழ்க்கைப்பட்டது. சிற்றப்பா போன்ற சிலர் இந்தப் பேத்தியையும் பந்தயத்துக்கு அழைத்துப் போனார்கள்.

சோழவரத்தைப் பற்றிச் சென்னைவாசிகளுக்குச் சொல்லத் தேவையில்லை; மும்பையில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி, இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. 1953-இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே ஆண்டுதோறும் பந்தயங்களை நடத்தியது. ஓடுதளம் ஆங்கில 'டி' எழுத்தின் வடிவில் இருக்கும். நெடிய நேர்ப்பாதை, பிறகு சட்டென்று திரும்பும் கொண்டை வளைவு. நிழல் என்பது பெயருக்கும் கிடையாது. காரும் மோட்டார் சைக்கிளும் ஓடும். சைக்கிளில் வந்தவர்களும் லாரியேறி வந்தவர்களும் ஓரத்தில் நின்று பார்ப்பார்கள். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பந்தயத் தடம் வந்தபின் சோழவரம் ஓய்ந்தது.

அங்கே சிற்றப்பாவின் வகுப்பில் ஷெர்ப்பாவுக்குப் போட்டியாக நின்றவை ராஜ்தூத் வண்டிகள். சிற்றப்பாவிடம் பணமில்லை, வெளிநாட்டுப் பாகம் வாங்க வழியில்லை. இருந்தது அரம், பொறுமை, பட்டறையில் பழகிய கண். அவர் செய்ததைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். இக்கட்டுரையின் வழக்கே அதில்தான் இருக்கிறது.

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு கிடையாது. சிலிண்டரின் சுவரில் துவாரங்கள் இருக்கும். பிஸ்டன் ஏறி இறங்கும்போது அத்துவாரங்களை மூடியும் திறந்தும் விடும். எரிந்த புகை வெளியேறும் துவாரத்தின் மேல்விளிம்பை ஓர் இழை உயர்த்தினால், அது முன்னதாகவே திறக்கும். அதிவேகச் சுழற்சியில் எஞ்சின் கூடுதலாக மூச்சுவிடும், விசை பெருகும். ஆனால் அந்த விசை எங்கிருந்தும் இனாமாக வருவதில்லை. மெதுவாகப் போகும்போது இழுக்கும் சக்தி குறைந்துவிடும். எவ்வளவு உயர்த்தலாம் என்பதில்தான் வித்தை இருக்கிறது. சிற்றப்பா ஒன்றரை மில்லிமீட்டர் உயர்த்தினார். ஒரே நாளில் அன்று. அரத்தால் இரண்டு இழுப்பு, வண்டியைப் பூட்டி ஓட்டம், மீண்டும் கழற்றி இரண்டு இழுப்பு. வார்ப்பிரும்பில் தப்பாக ஓர் இழுப்பு விழுந்தாலும் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

அடுத்தது புகைக்குழாய். சைலன்ஸரைக் கழற்றி எறிந்தால் வேகம் கூடும் என்று நம் பையன்கள் நினைக்கிறார்கள், சத்தந்தான் கூடும். கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். கம்பெனியில் வால்ட்டர் காடன் என்ற பொறியாளர் ஐம்பதுகளில் இதை ஆராய்ந்து ஒரு வடிவத்தைச் செம்மைப்படுத்தினார். குழாய் முதலில் விரிந்து, வயிறு பெருத்து, பிறகு குறுகும். சிலிண்டரிலிருந்து கிளம்பும் அழுத்த அலை, குறுகும் முனையில் மோதித் திரும்பி வந்து, புகையோடு நழுவிப்போகப் பார்க்கும் புதுப் பெட்ரோல் கலவையை மீண்டும் சிலிண்டருக்குள்ளேயே தள்ளிவிடும். அலை வந்து சேரும் நேரமும் துவாரம் மூடும் நேரமும் ஒத்துப்போக வேண்டும். குழாயின் நீளம் அதற்கேற்ப அமைய வேண்டும். நாகசுரக் குழலின் நீளம் மாறினால் சுருதி மாறுவதைப் போலத்தான் இதுவும். சிற்றப்பா தகரத்தைக் கூம்பு கூம்பாகச் சுருட்டிப் பற்றவைத்து ஏழு குழாய்கள் செய்து பார்த்தார். ஏழாவது குழாய்தான் இன்றும் வண்டியில் இருக்கிறது.

எண்ணெயைப் பற்றியும் ஒரு வார்த்தை. இவ்வகை எஞ்சினுக்குத் தனியாக எண்ணெய்த் தொட்டி இல்லை. பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து ஊற்ற வேண்டும். அக்காலத்துப் பந்தயக்காரர்கள் பதப்படுத்திய ஆமணக்கெண்ணெயை விரும்பிச் சேர்த்தார்கள். காஸ்ட்ரால் என்ற உலகப் பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து வந்ததுதான். நம் பாட்டிமார் வயிற்றுக்குக் கொடுத்த அதே விளக்கெண்ணெய்! எவ்வளவு சூடேறினாலும் அதன் வழவழப்பு எளிதில் விட்டுப்போகாது. ஆனால் பெட்ரோலோடு ஒட்டி இராது, நின்றால் பிரிந்துவிடும், ஓட்டி முடித்தபின் உள்ளே பிசின் போல் படியும். பந்தய நாளன்று மட்டும் நானும் அதைத்தான் ஊற்றுகிறேன். அந்தப் புகையின் இனிய வாசனையை ஒரு முறை முகர்ந்தவர் மறக்கமாட்டார்.

வாசனை என்றதும் தேவ்நார்வாசிகள் புன்னகைப்பது எனக்குத் தெரிகிறது. 1927 முதல் இந்நகரின் குப்பையைத் தாங்கிவரும் மேட்டின் அருகில் வாழ்கிறோம். 2016 ஜனவரியில் அது தீப்பற்றி நாட்கணக்கில் புகைந்ததை இங்குள்ள குழந்தைகளும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட இடத்தில் இன்னொரு புகையை நான் கிளப்பலாமா என்று கேட்பது நியாயம். ஆகவே நம் தெருக்களில் ஷெர்ப்பாவை நான் ஓட்டுவதில்லை. மாதத்துக்கு ஒரு முறை, ஞாயிறு விடியலில், தானே கழிமுகத்துப் பக்கமாகச் சிறிது தூரம் போய்வருவேன். உண்மையில் நகரப் போக்குவரத்துக்கு அது உதவவும் உதவாது. சிற்றப்பாவின் அரவேலையின் பயனாக, மெதுவாகப் போனால் இருமும்; பிளக்கில் கரி பிடித்து நின்றுவிடும். கோவண்டி நிலையத்தருகே ஆட்டோக்களின் நடுவில் குனிந்து பிளக் மாற்றுவது கண்கொள்ளாக் காட்சியாக இருக்கும் என்று என் மனைவி சொல்வாள்.

2014-இல் சிற்றப்பாவுக்கு முழங்கால் வலி வந்து, உதைத்து ஸ்டார்ட் செய்ய முடியாமற் போனபோது, வண்டியை எனக்கு அனுப்பினார். பெட்ரோலை ஒட்ட வடித்து, வைக்கோலும் சாக்கும் சுற்றி, பதிவுப் புத்தகத்தின் நகலோடு பார்சலில் வந்தது. குர்லா டெர்மினஸில் நானே போய் எடுத்தேன். அன்று முதல் அதைக் காப்பது ஒரு தனிக் குடித்தனமாகிவிட்டது. மழைக்காலத்தில் கழிமுகத்து உப்புக்காற்று இரும்பைத் தின்னும். இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால். அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரைக் கரைக்கும். ஆகையால் டாங்க்கில் பெட்ரோலை வைப்பதேயில்லை. பாகம் கடையில் கிடைக்காது. சோர் பஜாரில் சில கிடைத்தன. சென்னை புதுப்பேட்டையில் சில. மீதியைத் தாராவியில் திருநெல்வேலிக்காரர் ஒருவரின் லேத் பட்டறையில் கடைந்து வாங்குகிறேன். அவர் வரைபடம் கேட்பதில்லை. தேய்ந்த பாகத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இது புதுசா இருந்தப்போ எப்படி இருந்திருக்கும்னு தெரியுது அண்ணாச்சி" என்பார். அப்படியே செய்தும் கொடுப்பார்.

ஆண்டுக்கு ஒரு நாள் இந்த வண்டி தன் பிறவிப் பயனை அடைகிறது. ஸ்ரீபெரும்புதூருக்கருகில், இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில், கட்டணம் கட்டிப் பயிற்சி ஓட்டம் ஓட அனுமதிக்கும் நாட்கள் உண்டு. பழைய டூ-ஸ்ட்ரோக் வைத்திருக்கும் ஏழெட்டுப் பேர் தேதி பேசிக்கொண்டு போவோம்: யெஸ்டி, ராஜ்தூத், ஆர்.எக்ஸ். 100 என்று. கோப்பை கிடையாது, பரிசு கிடையாது. ஆனால் கைக்கடிகாரம் கையில் இருக்கும்வரை அதைப் பந்தயமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தடம் 3.7 கிலோமீட்டர், 12 வளைவுகள்.

முதல் ஆண்டு ஓடியபோது சிற்றப்பா எனக்குச் சொன்ன பாடம் ஒன்றே: "தம்பி, இடது கையிலே இரண்டு விரல் எப்பவும் கிளட்ச் மேலே இருக்கணும்." காரணம் இது. எண்ணெய் பெட்ரோலோடுதான் வருகிறது. நேர்ப்பாதையில் முழுவேகத்தில் போய், வளைவுக்காகத் திடீரென்று விசையை மூடினால், பெட்ரோலும் நிற்கும், எண்ணெயும் நிற்கும். எஞ்சினோ பாய்ந்த வேகத்தில் இன்னும் சுழன்றுகொண்டிருக்கும். வறண்ட பிஸ்டன் சிலிண்டரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். மெக்கானிக்குகள் இதைச் 'சீஸ்' என்பார்கள். பின்சக்கரம் அந்த நொடியே பூட்டிக்கொள்ளும். கிளட்சை இழுக்கக் கிடைக்கும் நேரம் கண்ணிமைப்பொழுது. அந்த எச்சரிக்கையுடன் ஓட்டும்போது காதே கண்ணாகிவிடுகிறது. ரீங்காரம் ஒரு சுருதி தாழ்ந்தாலும் விரல் தானே மடங்கும்.

கீழ்வேகத்தில் இருமிக்கொண்டிருக்கும் வண்டி, ஓர் எல்லையைத் தாண்டியதும் திடீரென்று வேறு பிறவி எடுக்கும். திரும்பும் அலை குழாயில் சரியாக வந்து சேரும் கட்டம் அது. யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவது போலிருக்கும். நாற்பதாண்டுகளுக்கு முன் ஒரு மனிதர் மழைநாளில் அரத்தோடு உட்கார்ந்து தேடியது இந்த உந்தலைத்தான் என்று எனக்குத் தெரியும். சென்ற தை மாதத்தில் ஒரு சுற்றை 3 நிமிடம் 10 விநாடியில் முடித்தேன். புதிய வண்டிகள் வைத்திருக்கும் சிறுவர்கள் இதைக் கேட்டால் நகைப்பார்கள். மதிற்சுவரருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்த சிற்றப்பா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை. மூணாவது வளைவிலே பயந்துட்டே" என்றார்.

இனி அந்த மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

மத்திய அரசு 2021 ஜூலையில் பழம்பெரும் வண்டிகளுக்கெனத் தனி விதிகளை வெளியிட்டது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டியைத் தனி வரிசை எண்ணில் பதிவு செய்துகொள்ளலாம். கட்டணம் 20,000 ரூபாய்; பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும்; புதுப்பிக்க 5,000. கண்காட்சி, பழைய வண்டிகளின் ஊர்வலம், ஆராய்ச்சி, பழுதுபார்த்தல் முதலிய காரியங்களுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம். நல்ல ஏற்பாடுதான்; பல வண்டிகள் காயலான் கடைக்குப் போகாமல் தப்பும். ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. வண்டி அதன் மூல வடிவிலேயே இருக்க வேண்டும். சட்டம், உடல், எஞ்சின் ஆகியவற்றில் கணிசமான மாற்றம் செய்திருக்கக் கூடாது.

இவ்விதிக்குப் பிறகு ஷெர்ப்பா போன்ற வண்டிகளைத் தேடி வாங்குவோர் மிகுந்துவிட்டார்கள். சென்ற ஆண்டு ஒருவர் வந்தார். நல்ல மனிதர்; வண்டியைப் பற்றி என்னைவிட நன்றாகத் தெரிந்தவர். அவர் சொன்ன தொகை என் ஐந்து மாதச் சம்பளம். வண்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த கோலத்துக்கே திருப்பிவிடுவதாகச் சொன்னார். அரம் படாத சிலிண்டர் ஒன்று அவரிடம் இருக்கிறதாம். மூலக் குழாயும் இருக்கிறதாம். "இந்தச் சிலிண்டரைக் கெடுத்துவிட்டார்கள், இதைப் போட்டுவிடலாம்" என்றார்.

அவர் அறியாமற் சொன்ன சொல் அது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் சிந்தித்துப் பார்த்தேன். வில்லியர்ஸ் எஞ்சினைத் தொட்டு மாற்றாமல் விட்டிருந்தால் கிரீவ்ஸ் சில்வர்ஸ்டோன் பிறந்திருக்குமா? இஞ்ச்லி மூன்றாவதாக வந்திருப்பாரா? அந்த இனத்து வண்டியின் மூல வடிவமே மாற்றந்தானே! ஏழை ஓர் எளிய எஞ்சினை எடுத்துத் தன் கையால் மேம்படுத்தியதற்குத்தான் அங்கே மதிப்பு. இங்கிலாந்தில் அவ்வாறு மாற்றியவை இன்று போற்றப்படுகின்றன. பெரம்பூர் ஃபிட்டர் மாற்றினால் கெடுத்தது என்று பெயரா? விதி எழுதியவர்களுக்கு இவ்வளவையும் நினைக்க முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். எழுத்தனாகிய எனக்கு விதி எப்படி எழுதப்படுகிறது என்பது தெரியும்.

சிற்றப்பாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் தயங்கவே இல்லை. "வித்துடு தம்பி. இரும்புதானே? பொண்ணு படிப்புக்கு ஆகும்" என்றார். சற்று நேரம் கழித்து, "ஆனா அந்தச் சிலிண்டரை மட்டும் கழற்றி எனக்கு அனுப்பிடு" என்றார்.

அந்த இரண்டாவது வாக்கியத்தை வைத்துக்கொண்டு மூன்று நாள் யோசித்தேன். நான்காம் நாள் அந்த மனிதருக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். சாதாரணப் பதிவையே, தகுதிச் சோதனைக்கு உட்படுத்தி, ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொள்வதாக முடிவு செய்தேன். மகளின் படிப்புக்கு வேறு ஏற்பாடு செய்தாயிற்று. கூட்டுறவுச் சங்கக் கடன் நம்மில் பலருக்குப் புதிதன்று.

ஆனால் இதோடு கணக்குத் தீரவில்லை. சிலிண்டர் தேய்ந்தால் உட்புறத்தைச் சிறிது அகலக் கடைந்து, பெரிய பிஸ்டன் போட வேண்டும். போர் போடுவது என்பார்கள். சிற்றப்பா காலத்தில் இருமுறை போட்டாயிற்று. என் காலத்தில் ஒரு முறை. தாராவிக்காரர் அளவெடுத்துப் பார்த்து, இனி ஒரு முறைதான் இடம் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். புது லைனர் அடிக்கலாம். அடித்தால் துவாரங்களைப் புதிதாக வெட்ட வேண்டும். சிற்றப்பாவின் அரம் பட்ட விளிம்பு போய்விடும். ஓட்டாமல் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்தால் என் பேரப்பிள்ளை காலம் வரை இருக்கும். ஓட்டினால், ஒவ்வொரு சுற்றும் அந்த இரும்பில் ஒரு தூசியளவு எடுத்துக்கொண்டு போகும்.

ஆண்டுக்கு ஒரு நாள், பத்துச் சுற்று, என்று ஒரு வரம்பு போட்டிருக்கிறேன். அந்தக் கணக்கில் இப்போதைய பிஸ்டன் இன்னும் ஆறேழு ஆண்டு தாங்கும்; கடைசி போருக்குப் பின் மேலும் பத்தாண்டு. சிற்றப்பாவுக்கு இப்போது 71 வயது. வரும் தை மாதத்துப் பயிற்சி நாளுக்கு அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். முழங்காலுக்குச் சிகிச்சை செய்துகொண்டிருக்கிறார். உதைக்க வேண்டாம், தள்ளி ஸ்டார்ட் செய்து கொடுத்தால் போதும், இரண்டு சுற்றுத் தாமே ஓட்டுவாராம். பத்தில் இரண்டை அவருக்கு ஒதுக்கிவிட்டேன். பார்சலுக்குச் சாக்கும் வைக்கோலும் சொல்லி வைத்திருக்கிறேன்.